மருத்துவருக்கும் அச்சம் உண்டு

1986-இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தனர். அந்நாளில் நோயாளியின் நாடியைத் தொடவும் மருத்துவர்கள் பலர் தயங்கினர். அத்தயக்கம் சில இடங்களில் இன்றும் எஞ்சியுள்ளது.

அதில் பெரும்பகுதி தவறான எண்ணமே. தொடுவதாலும், இருமலாலும், உடனிருந்து உண்பதாலும், கொசுக்கடியாலும் இக்கிருமி பரவாது. தொற்றுள்ளவருக்கு இட்ட ஊசி மருத்துவரைத் தவறிக் குத்தினாலும், தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் ஏறத்தாழ மூன்றே. 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கினால் அதுவும் வெகுவாகக் குறையும்.

எனவே, குடும்ப மருத்துவரிடம் நோயை மறைக்காதீர்கள். மறைத்தால், அவர் தரும் மருந்து நீங்கள் உட்கொள்ளும் கூட்டுமருந்தோடு ஒவ்வாது போகலாம். தொற்றைக் காரணங்காட்டிச் சிகிச்சை மறுப்பதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. மறுக்கப்பட்டால், ஏ.ஆர்.டி. மைய ஆலோசகரிடம் தயங்காது கூறுங்கள்.