ஆய்வை அளக்கும் கோல் எது?

மாணவர் எழுதிய கட்டுரையைப் படித்துப் பாராமல், அவர் பயிலும் பள்ளியின் பெயரை மட்டும் கண்டு ஆசிரியர் ஒருவர் மதிப்பெண் இட்டால் நாம் அதனை ஏற்போமா? ஏற்கமாட்டோம். ஆயினும், உலகின் பல பல்கலைக்கழகங்களில் ஆய்வாளர்கள் நெடுங்காலமாக ஏறத்தாழ இம்முறையிலேயே மதிப்பிடப்பட்டு வந்துள்ளனர். பணி நியமனம், பதவி உயர்வு, ஆய்வு நிதி ஆகியவற்றை முடிவு செய்யும்போது, ஒருவர் என்ன எழுதினார் என்பதைவிட எந்த ஆய்விதழில் எழுதினார் என்பதே முதன்மை பெற்றது.

இதற்குக் கருவியாக அமைந்தது ‘தாக்கக் காரணி’ என்னும் எண். ஓர் ஆய்விதழ் முந்தைய ஈராண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இவ்வாண்டில் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன எனக் கணக்கிட்டு, அத்தொகையைக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் இது கிடைக்கும். அமெரிக்க அறிஞர் யூஜின் கார்ஃபீல்டு 1955ஆம் ஆண்டில் முன்வைத்த மேற்கோள் அட்டவணைச் சிந்தனையிலிருந்து வளர்ந்தது இது. இதழ்களை ஒப்பிடப் பயன்பட்ட கருவி, காலப்போக்கில் மனிதர்களை அளக்கும் கோலாயிற்று.

இதிலுள்ள பிழையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஓர் இதழின் 100 கட்டுரைகளுக்கு 400 மேற்கோள்கள் கிடைத்தன எனக் கொள்வோம். தாக்கக் காரணி 4 ஆகும். ஆனால், ஒரே கட்டுரை 200 மேற்கோள்களைப் பெற்றிருக்கலாம். பல கட்டுரைகள் ஒன்றுகூடப் பெறாதிருக்கலாம். சராசரி, தனிக் கட்டுரையின் தகுதியைக் கூறுவதில்லை. மேலும், எதற்குப் பரிசு உண்டோ அதுவே பெருகும். ஓர் ஆய்வைப் பல துண்டுகளாக்கி வெளியிடுவதும், ஒருவரையொருவர் மேற்கோள் காட்டித் தொகையை உயர்த்துவதும் இவ்வாறு தோன்றியவையே.

இந்நிலையை மாற்றும் முயற்சிகள் பல. 2012 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய அறிஞர்கள் உருவாக்கிய ‘டோரா’ என்னும் பிரகடனம், தனி ஆய்வாளரை மதிப்பிட இதழின் எண்ணைப் பயன்படுத்தலாகாது என்றது. 2015இல் வெளியான லைடன் அறிக்கை பத்து நெறிகளை வகுத்தது. 2020இல் சீன அரசு, கட்டுரைகளுக்குப் பணப்பரிசு அளிக்கும் வழக்கத்தைக் கைவிடுமாறு தன் பல்கலைக்கழகங்களைப் பணித்தது. 2022இல் ஐரோப்பாவில் உருவான உடன்படிக்கையோ, அறிஞர்கள் படித்தறிந்து கூறும் மதிப்பீட்டை முதன்மையாகவும் எண்களைத் துணையாகவும் கொள்ளுமாறு வலியுறுத்தியது.

மொழி ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. மேற்கோள் தரவுத்தளங்களில் ஆங்கில இதழ்களே மிகுதி. எனவே, பிற மொழிகளில் எழுதப்படும் ஆய்வு, அதன் தரம் எத்தகையதாயினும், கணக்கில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. 1966இல் கோலாலம்பூரில் நடைபெற்ற முதலாம் உலகத் தமிழ் மாநாட்டின் ஆய்வுரைகள் தொகுப்பாக வெளிவந்தன. தமிழாய்வுக்கு அவை இன்றும் பயன் தருகின்றன. தாக்கக் காரணியோ இதழ்களுக்கு மட்டுமே உரியது; அக்கோலால் அத்தொகுப்பை அளக்கவே இயலாது. உள்ளூர்த் தேவைக்கு உதவும் ஆய்வைக் காக்க வேண்டும் என லைடன் அறிக்கை கூறியதும், மதிப்பீட்டில் மொழிப் பன்மையைப் பேண வேண்டும் என 2019ஆம் ஆண்டின் ஹெல்சிங்கி முன்முயற்சி கோரியதும் இக்காரணத்தாலேயாம்.

சீர்திருத்தம் எளிதன்று. எண்ணுவது விரைவில் முடியும். படிப்பதற்குக் காலமும் உழைப்பும் வேண்டும். எண்களை அகற்றிய இடத்தில் வேண்டியவர்க்குச் சலுகை காட்டும் போக்கு புகுந்துவிடவும் கூடும். ஆதலால், மதிப்பிடுவோர் தம் அளவீடுகளை முன்னரே அறிவித்து, முடிவுக்குரிய காரணத்தையும் விளக்குதல் இன்றியமையாதது. எந்த எண்ணும் படித்தலுக்கு ஈடாகாது. விடைத்தாளை முழுமையாகப் படித்த பின்னரே மதிப்பெண் இடும் நல்லாசிரியர்கள் நாள்தோறும் கடைப்பிடிக்கும் அறம் இதுவே. ஆய்வுலகம் இன்று மீண்டும் கற்க முனைவதும் இதனையே.