வீட்டுத் தோட்டத்தில் பேரி மரம்

பேரி மரம் ஆப்பிளைப் போலவே ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தது. கனிஷ்கர் காலத்தில் சீனத்திலிருந்து வந்த பிணையாளிகள் இதனைப் பஞ்சாப் பகுதிக்குக் கொணர்ந்தனர் என்று 7-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் யாத்திரை செய்த யுவான் சுவாங் குறித்துள்ளார். ஐரோப்பிய ரகங்கள் மிகவும் பிந்தியே வந்தன. 1870-இல் கேப்டன் லீ என்பவர் குலு பள்ளத்தாக்கில் பந்த்ரோல் என்னுமிடத்தில் அமைத்த தோட்டத்தில் ஆப்பிளுடன் பேரியும் இடம் பெற்றது. இன்று காஷ்மீர், இமாசலப் பிரதேசம், உத்தராகண்ட் மலைகள், பஞ்சாப் சமவெளி ஆகிய இடங்களிலும், தெற்கே நீலகிரி, கொடைக்கானல் மலைகளிலும் பேரி பயிராகிறது.

ஒட்டுக்கன்று நட்ட பேரி மரம் காய்க்கத் தொடங்க நான்கு முதல் ஆறு ஆண்டுகள் ஆகும்; சில ரகங்களுக்கு இன்னும் அதிகமாகும். இவ்வளவு காலம் காத்திருந்தும் மரம் காய்க்கவில்லையெனில், வீட்டுக்காரர் அதை மலட்டு மரமென்று வெட்டிவிடுகிறார். இவ்வாறு வெட்டப்படும் மரங்கள் பலவற்றில் நோய் ஏதும் இருப்பதில்லை. கன்றைத் தேர்ந்தெடுத்த அன்று நேர்ந்த பிழையே காரணமாக இருக்கிறது. ஆகவே கிராமத்தாருக்கு யோசனை கூறும் ஊழியர்களும், பள்ளித் தோட்டத்தை நடத்தும் ஆசிரியர்களும் பின்வருவனவற்றைக் கன்று வாங்குமுன்பே கவனித்தல் வேண்டும்.

குளிர்காலத் தேவை

இலையுதிர்ந்து உறங்கும் பேரி மரம் மீண்டும் விழிப்பதற்குக் குறிப்பிட்ட அளவு குளிர் தேவை. வெப்பநிலை 7 டிகிரி செண்டிகிரேடுக்குக் கீழே நிற்கும் மணி நேரத்தைக் கொண்டு இதனைக் கணக்கிடுவர். பார்ட்லெட் போன்ற ஐரோப்பிய ரகங்களுக்கு ஏறத்தாழ 800 முதல் 1,000 மணி நேரமும், சிலவற்றிற்கு அதற்கு மேலும் தேவைப்படும். பஞ்சாபில் பயிராகும் பத்தர்நாக் போன்ற கெட்டிக்காய் ரகங்களுக்குச் சில நூறு மணி நேரத்திற்குள்ளான குளிரே போதும். குளிர் போதாவிடில் மொட்டுகள் ஒழுங்கின்றி, காலந்தாழ்ந்து விரியும், பூக்களும் குறையும். உரமும் நீரும் இக்குறையை ஈடுசெய்ய மாட்டா. பனி மலையில் நற்கனி தரும் ரகத்தை இளங்குளிர் நிலத்திற்குக் கொண்டு செல்லலாகாது.

துணை மரம்

பேரி ரகங்களில் பெரும்பாலானவை தம் மகரந்தத்தால் தாமே நன்கு காய்ப்பதில்லை. அதே காலத்தில் பூக்கும் வேறொரு ரகத்தின் மகரந்தம் தேவை. ஆசிய ரகங்கள் ஐரோப்பிய ரகங்களுக்கு முன்னதாகவே பூப்பது வழக்கம். ஆதலால் இரண்டு ரகங்கள் இருந்தால் மட்டும் போதாது, இரண்டும் ஒருங்கே பூக்கவும் வேண்டும். மேலும், பேரிப் பூவின் தேனில் சர்க்கரை குறைவு. அருகில் வேறு பூக்கள் மலர்ந்திருப்பின் தேனீக்கள் அவற்றையே நாடும்.

ஒரு மரத்திற்கே இடமுள்ள வீட்டில் என் செய்வது? துணை ரகத்தின் குச்சியொன்றைக் குளிர்காலத்தின் இறுதியில் அம்மரத்தின் ஒரு கிளையிலேயே நாக்கு ஒட்டாகக் கட்டிவிடலாம். அக்கிளை பூக்கும் வரையில், வேறு ரகத்தின் பூத்த கிளைகளை நீர் நிறைந்த வாளியில் இட்டு மரத்தடியில் வைக்கலாம்.

நடுதலும் வேர்ச்செடியும்

மரம் உறங்கும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையில் நடுவது நன்று. மூன்றடி நீள, அகல, ஆழமுள்ள குழியை ஒரு மாதம் முன்னதாகவே தோண்டி, மேல்மண்ணுடன் மட்கிய தொழு உரம் கலந்து நிரப்புக. மரத்திற்கு மரம் 20 அடி இடைவெளி வேண்டும். ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேல் அரையடியாவது இருத்தல் அவசியம்.

இமயமலைப் பகுதியில் கைந்த் எனப்படும் காட்டுப் பேரியின் நாற்றே வேர்ச்செடியாகப் பயன்படுகிறது. இது வலிய வேருடையது; ஆயினும் அடியிலிருந்து முள்ளுடன் கூடிய பக்கக் கன்றுகளை ஓயாது விடும். அவற்றை அவ்வப்போது அடியோடு அகற்றாவிடில், நல்ல ரகம் நலிந்து மறைய, காட்டு மரமே எஞ்சி நிற்கும். நட்டது ஒன்று, விளைந்தது வேறொன்று என்னும் புகார் பெரும்பாலும் இதனால் எழுவதே.

கவாத்து

இளமரத்தில் கிளைகள் செங்குத்தாக எழும். அவற்றை அகல விரித்துக் கட்டினால் விரைவில் காய்க்கும். காய்ப்பு, இரண்டாண்டும் அதற்கு மேலும் வயதான கிளைகளில் உள்ள குட்டையான, கணுக்கள் நெருங்கிய சிறு குச்சிகளில் உண்டாகிறது. அனுபவமற்றோர் இவற்றைப் பயனற்ற சுள்ளியென்று கழித்துவிடுகின்றனர். அவ்வாறு செய்வது வரும் பல ஆண்டுகளின் விளைச்சலை வெட்டுவதாகும். உலர்ந்தவை, நோயுற்றவை, ஒன்றோடொன்று உராய்பவை ஆகியவற்றையே நீக்குக.

பறிக்கும் பருவம்

மரத்திலேயே பழுக்க விடுவது பிற பழங்களுக்கு ஏற்றதாயினும் ஐரோப்பியப் பேரிக்கு ஆகாது. அவ்வாறு விட்டால் சதை மணல் போல் நெறுநெறுக்கும். வெளியே நல்ல பழமாகத் தோன்றினும் உள்ளே நடுப்பகுதி பழுத்து அழுகிவிடும். முற்றிய காயை மெல்லத் தூக்கிக் கிடையாகப் பிடித்தால் காம்பு எளிதில் கழன்றுவிடும். அதுவே பறிக்கும் பருவம். குளிர்ந்த அறையில் சில நாட்கள் வைத்து, காம்பின் அருகே விரலால் அழுத்தும்போது இளகினால் உண்ணலாம். கெட்டிக்காய் ரகங்களை மொறுமொறுப்பாகவே உண்பர்.

ஆசிரியர்கள் இளவேனிலில் ஒரு சிறு சோதனையை மாணவர்களைக் கொண்டு செய்து காட்டலாம். மொட்டு விரியுமுன் இரு பூங்கொத்துகளை மெல்லிய துணிப்பையால் மூடுக. பூத்தபின் ஒன்றில் மட்டும் வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவி, மீண்டும் மூடுக. சில வாரங்களில் இரு கொத்துகளிலும் நின்ற பிஞ்சுகளை எண்ணினால், துணை மரத்தின் அவசியம் விளங்கும். கள ஊழியர்களோ, காய்க்காத மரத்தைப் பற்றிய புகார் வரும்போது, எரு இட்டீர்களா என்று கேட்பதற்கு முன், அது எந்த ரகம், அருகில் உடன் பூக்கும் மரம் உண்டா என்று வினவுவார்களாக. கோடரிக்கு இலக்காகும் மரங்கள் பல இவ்விரு வினாக்களால் காப்பாற்றப்படும்.