கத்தியும் கழுத்தும் - 11: காண்டாமிருகம் காட்டிக்கொடுத்தது

போன வாரம் குரல் நரம்பு. கேலன், பன்றி எல்லாம் சொல்லியாயிற்று. மறுபடி ஆரம்பிக்கப் போவதில்லை. கீழுதட்டின் உட்புறம் மூன்று துளை போட்டுத் தைராய்டை எடுக்கும் பாங்காக் டாக்டர் அங்கூன் அனுவோங்கின் முறையும் அதன் ஆபத்துகளும் இந்த வாரம் வரவேண்டியவை. குறுக்கே ஒரு காண்டாமிருகம் வந்துவிட்டது.

1834இல் லண்டன் மிருகக்காட்சிசாலை விலைக்கு வாங்கிய இந்தியக் காண்டாமிருகம். 1849இல் செத்தது. உடலை அறுத்து ஆராய்ந்தவர் ரிச்சர்ட் ஓவன். டைனோசருக்குப் பெயர் வைத்த அதே மனிதர். வீட்டு முன்கூடத்தில் செத்த காண்டாமிருகம் கிடந்ததை அவர் மனைவி பார்த்ததாக ஒரு கதை உண்டு. என் அனுதாபமெல்லாம் அந்த அம்மாளுக்குத்தான். அந்தக் கழுத்தில், தைராய்டை ஒட்டி, மஞ்சளாக ஒரு சின்னச் சுரப்பி. ஓவன் குறித்துவைத்தார், யாரும் சட்டை செய்யவில்லை. 1880இல் ஸ்வீடனின் உப்சாலாவில் ஐவர் சாண்ட்ஸ்ட்ரம் என்ற மருத்துவ மாணவர் மனிதக் கழுத்திலும் அது இருப்பதை எழுதினார். அவரையும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

அதுதான் பாராதைராய்டு. பெரும்பாலோருக்கு நான்கு. ஒவ்வொன்றும் துவரம்பருப்பு அளவு, எடை 30, 40 மில்லிகிராம். சுற்றியிருக்கும் கொழுப்பும் ஏறக்குறைய அதே நிறம். ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்வது இவைதான்.

இவை போனால் என்ன ஆகும் என்பதை, இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல், வியன்னாவில் அறுவை மருத்துவர் பில்ராத்தின் நோயாளிகள் அனுபவித்தார்கள். தைராய்டை முழுதாக எடுத்ததும் கை கால் இழுத்துக்கொண்டது. பெர்னில் கோக்கரிடம் போனவர்களுக்கு அந்த இழுப்பு அபூர்வம். இருவரின் கையையும் நேரில் பார்த்த அமெரிக்கர் ஹால்ஸ்டெட் காரணம் சொன்னார்: பில்ராத் வேகக்காரர், ரத்தம் பெருகினாலும் நிற்காதவர், கோக்கர் ரத்தம் சிந்தவிடாமல் நிதானமாகத் தைராய்டை மட்டும் பிரித்தெடுப்பவர். 1909இல் கோக்கருக்கு நோபல் பரிசு. அதே ஆண்டு பால்டிமோரில் மக்கல்லம், வோட்லின் இருவரும், பாராதைராய்டு நீக்கிய நாய்களின் இழுப்பைக் கால்சியம் கொடுத்து நிறுத்திக்காட்டினார்கள்.

சின்னத் துளை அறுவைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சின்னதாவது தழும்புதான், உள்ளே வேலை அதேதான். கேமரா பெரிதாக்கிக் காட்டுகிறது, அது லாபம். ஆனால் அந்தக் குறுகிய இடத்தில் சற்று ரத்தம் கசிந்தாலும் எல்லாம் ஒரே நிறமாகிவிடும். விரலால் தொட்டுப் பார்க்கவும் வழியில்லை. சுரப்பியை விட்டுவைத்தாலும், அதற்கு ரத்தம் கொண்டுவரும் மெல்லிய நாளம் சூட்டுக்கருவியில் கருகினால், சுரப்பி இருந்தும் பயனில்லை. தவறி வெளியே வந்துவிட்டது தெரிந்தால், பொடியாக நறுக்கிக் கழுத்துத் தசையிலேயே பதித்துவிடுவார்கள், பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். இந்தச் சுரப்பி அகச்சிவப்பை ஒட்டிய ஒளி பட்டால் தானே ஒளிரும் என்பதும் இப்போது தெரியும். அதைப் பிடித்துக்காட்டும் கருவிகளுக்கு 2018இல் அமெரிக்கா அனுமதி தந்தது.

'தழும்பே இருக்காது' என்று விளம்பரம் செய்பவர்கள் இந்த நான்கு பருப்புகளைப் பற்றி வாய் திறப்பதில்லை. தழும்பு காலப்போக்கில் மங்கும். நான்கும் போனால் ஆயுள் முழுக்க மாத்திரைதான்.

உதட்டு வழியில் மோவாய் மரத்துப்போவதும், உள்ளே செலுத்தும் கரியமில வாயு ரத்தக்குழாயில் நுழைந்தால் வரும் விபரீதமும் அடுத்த வாரம், நிச்சயமாக. அதற்குள் உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த அறுவை நடந்தால் ஒன்று செய்யுங்கள். உதட்டைச் சுற்றியோ விரல் நுனியிலோ ஊசி குத்துவதுபோல் இருந்தால், வீடு திரும்பி இரண்டு நாள் ஆகியிருந்தாலும், உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். கழுத்து வீங்கி மூச்சு முட்டினால் போன் போட்டுக் காத்திருக்க வேண்டாம். நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.