எறும்பு போடும் கணக்கு

திருவண்ணாமலையில், மலை தெரிகிற தூரத்தில் எனக்கு ரெண்டு ஏக்கர் மானாவாரி நிலம். போன ஆடிப் பட்டத்தில் முதலில் ஒரு ஏக்கரில் எள் விதைத்தேன். 2 கிலோ விதையை மணலோடு கலந்து தூவியாச்சு. சரியாக மண் மூடாமல் விட்டது என் தப்பு. மறுநாள் காலையில் பார்த்தால் வரப்பு நெடுக எறும்புச் சாரி, ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு எள். பாதிக்கு மேல் முளைக்கவே இல்லை.

கையில் மிச்சம் இன்னொரு 2 கிலோ நாட்டு விதை. அதுவும் போனால் அடுத்த வருஷத்துக்கு விதை கிடையாது. பயத்தில் கடையில் போய் எறும்புப் பொடி வாங்கி வந்துவிட்டேன். ஏழு வருஷமாக விஷம் படாத மண்!

பக்கத்து நிலத்துப் பெரியப்பா பார்த்துவிட்டார். "ஏம்பா, எறும்புக்கா விஷம்? புத்துக்கு அந்தாண்ட ரெண்டு படி நொய்யைப் போடு. கிட்ட கெடைக்கறத விட்டுட்டு அது எதுக்குத் தூரம் போவுது?" என்றார்.

போட்டேன். மறுபடி விதைத்து, இந்த முறை முள்ளுக்கிளை இழுத்து மண்ணும் மூடினேன். சாரி நொய்ப் பக்கம் திரும்பியது. அஞ்சாம் நாள் முளை தெரிந்தது. கொஞ்சம் போகத்தான் செய்தது, ஆனால் பயிர் நின்றது.

பெரியப்பா சொன்னதற்குப் பின்னால் பெரிய கணக்கு இருப்பது பிறகுதான் தெரிந்தது. இரை கண்ட எறும்பு திரும்பும்போது தரையில் வாசனை வைத்துக்கொண்டே வரும். கிட்ட இருக்கிற இரைக்குப் போனது சீக்கிரம் திரும்பும். அந்த வழியில் வாசனை சீக்கிரம் சேரும். பின்னால் வருவதும் அதிலேயே போகும். தூரத்து வழியில் வாசனை காய்ந்துவிடும். 1989-இல் பெல்ஜியம் ஆராய்ச்சியாளர்கள் புற்றுக்கும் இரைக்கும் நடுவில் ஒரு குட்டைப் பாதை, ஒரு நெட்டைப் பாதை வைத்துப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் பெரும்பாலான எறும்புகள் குட்டைப் பாதைக்கு வந்துவிட்டன. எந்த எறும்பும் இரண்டையும் அளந்து பார்க்கவில்லை. பௌர்ணமி கிரிவலத்தில் வழி தெரியாதவரும் முன்னால் போகிறவரைப் பார்த்தே 14 கிலோமீட்டர் சுற்றி வந்துவிடுகிறார் அல்லவா, அந்த மாதிரிதான். இதைப் பார்த்து 1992-இல் இத்தாலியில் மார்கோ டோரிகோ கணினிக்கு ஒரு வழிமுறை எழுதினார். லாரிகள் எந்த வழியில் போனால் தூரம் குறையும் என்று பார்க்க இன்று அது உதவுகிறது.

அமெரிக்கப் பாலைவனத்தில் விதை சேர்க்கும் எறும்புகளிடம் வேறொரு கணக்கு. விதையோடு திரும்புகிறவை எவ்வளவு வேகமாக வருகின்றனவோ, அதைப் பொறுத்தே புதிதாக எறும்புகள் வெளியே கிளம்பும். வரவு நின்றால் கிளம்புவதும் நிற்கும். எறும்புகளை ஆராயும் டெபோரா கார்டனும் கணினிப் பேராசிரியர் பாலாஜி பிரபாகரும் 2012-இல் இதை எழுதினார்கள். இணையத்தில் தகவலின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் முறையும் கிட்டத்தட்ட இதேதான். நாம் இணையம் கண்டுபிடிப்பதற்கு ரொம்ப காலம் முன்பே எறும்பு அதைச் செய்துகொண்டிருக்கிறது.

புற்றில் மேஸ்திரி இல்லை, கணக்குப்பிள்ளை இல்லை. கணக்கு மண்ணில், வாசனையில், எறும்புகள் ஒன்றையொன்று தொட்டுப்போவதில் நடக்கிறது. விஷம் போட்டால் எறும்பு சாகும்; மழைத்தண்ணி மண்ணுக்குள் இறங்குகிற அந்தப் பொந்துகளும் தூர்ந்துபோகும். நொய் போட்டால் எறும்பின் கணக்கே நமக்கு வேலை செய்கிறது.

எள், கேழ்வரகு, சாமை விதைக்கிறவர்கள் இதைச் செய்து பாருங்கள். விதைப்புக்கு முதல் நாள் சாயந்திரமே புற்றுகளை அடையாளம் பாருங்கள். வயலுக்கு எதிர்ப்பக்கம், புற்றுக்குக் கிட்டவே நொய்யைத் தூவுங்கள். முளை வரும்வரை தினமும் போடுங்கள். மழை தள்ளிப்போனால் கூடுதல் நாள் போட வேண்டிவரும். விதையைக் கட்டாயம் மண்ணால் மூடுங்கள்.

வாசலில் அரிசிமாவில் கோலம் போட்ட நம் பாட்டிகளுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்குமோ என்னவோ. அந்த எறும்புப் பொடி மட்டும் இன்னும் பிரிக்காமல் என் வீட்டுப் பரணில் கிடக்கிறது.