தாத்தாவின் சேத்தக்... அப்பாவின் ஆர்எக்ஸ் 100... துரு தின்னாமல் காப்பாற்றுவது எப்படி?

வீட்டுக்குப் பின்னாடி தார்ப்பாய் போர்த்தி நிற்கிற அந்தப் பழைய வண்டியை இந்த வாரம் ஒருமுறை திறந்து பாருங்க. தாத்தா ஓட்டின பஜாஜ் சேத்தக், அப்பாவோட யமஹா ஆர்எக்ஸ் 100, மாமா விட்டுட்டுப் போன டிவிஎஸ் 50, முதல் தலைமுறை ஸ்ப்ளெண்டர்... எதுவா வேணும்னாலும் இருக்கட்டும். இந்த வண்டிகள் இத்தனை வருஷம் தாக்குப்பிடிச்சதுக்குக் காரணம், அவற்றின் எளிமை. கார்புரேட்டர், கிக்கர், நாலு கேபிள், கொஞ்சம் வயர். சென்சார் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. தெருமுனை மெக்கானிக் ஒரு ஸ்பேனர் செட்டை வெச்சுக்கிட்டே பாதி வேலையை முடிச்சிடுவார்.

இன்ஜின் போனால் போர் போட்டு, பிஸ்டன் மாத்தி மறுபடி ஓட வைக்கலாம். கிளட்ச் தேஞ்சா பிளேட் மாத்தலாம். ஆனால், சேஸிஸ் துருப்பிடிச்சு ஓட்டை விழுந்தா வண்டியோட ஆயுள் கிட்டத்தட்ட முடிஞ்சது. பெரும்பாலான பழைய வண்டிகள் காயலான் கடைக்குப் போகக் காரணம் இன்ஜின் இல்லை, துருதான்.

துரு எப்படி வருது?

இரும்பு, காற்றில் உள்ள ஆக்ஸிஜன், தண்ணீர் - இந்த மூன்றும் சேர்ந்தால் துரு. ஒன்றைத் தடுத்தாலே போதும், துரு வராது. பெயின்ட், கிரீஸ், மெழுகு எல்லாமே செய்வது ஒரே வேலைதான்: தண்ணீரும் காற்றும் இரும்பைத் தொடாமல் பார்த்துக்கொள்வது.

அலுமினியமும் ஆக்ஸிஜனோடு வினைபுரியும். ஆனால், அதன் மேல் உருவாகும் படலம் கெட்டியாக ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காப்பாற்றிவிடும். இரும்பின் துரு அப்படியில்லை. உப்பிப் பெருத்து, செதில் செதிலாக உதிரும். உதிர்ந்த இடத்தில் புது இரும்பு வெளியே வரும், அதுவும் துருப்பிடிக்கும். பெயின்ட்டுக்கு மேலே கொப்புளம் மாதிரி தெரியுதா? உள்ளே துரு ஏற்கெனவே பரவ ஆரம்பிச்சிடுச்சுனு அர்த்தம்.

இதில் உப்பு சேர்ந்தால் வேகம் இன்னும் கூடும். உப்பு கலந்த ஈரம் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். துரு என்பதே ஒரு மின்வேதி வினைதான். அதனால்தான் சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி, ராமேஸ்வரம்னு கடலோரத்தில் நிற்கும் வண்டி, கோவையில் நிற்கும் வண்டியைவிட சீக்கிரம் துருப்பிடிக்குது.

முதலில் எங்கே பார்க்கணும்?

வெளியே பளபளன்னு தெரியும் இடத்தை விட்டுடுங்க. துரு எப்போதும் தண்ணீர் தேங்கும் மறைவான இடத்தில்தான் ஆரம்பிக்கும்.

* ஃப்ளோர் மேட்டுக்கு அடியில்: சேத்தக் போன்ற ஸ்கூட்டர்களுக்குத் தனியா சேஸிஸ் கிடையாது, இரும்புத் தகடால் ஆன பாடியே சேஸிஸ். கால் வைக்கும் இடத்தில் ரப்பர் மேட்டைத் தூக்கிப் பாருங்க. மழைத் தண்ணீர் தேங்கி முதலில் அரிப்பது அங்கேதான்.

* மட்கார்டு உள்பக்கம்: டயர் வாரி அடிக்கும் சேறு காய்ந்து ஒட்டிக்கொண்டு, ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

* சென்டர் ஸ்டாண்டு, ஸ்விங் ஆர்ம் இணையும் இடம்: வண்டியின் மொத்த எடையும் இங்கே இறங்குது. இங்கே துரு ஆழமா இருந்தா அது அழகுப் பிரச்னை இல்லை, உயிர்ப் பிரச்னை.

* முன் ஃபோர்க் ராடு: குரோம் மேல் சின்னச் சின்னப் புள்ளியாகத் துரு வந்தால், அது ஆயில் சீலைக் கிழிச்சிடும். அப்புறம் ஃபோர்க் ஆயில் ஒழுகும். பள்ளத்தில் இறங்கும்போது ஹேண்டில் ஆட்டம் காட்டும்.

* பிரேக், கிளட்ச் கேபிள்: உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிச்சு ஒவ்வொரு இழையாக அறுந்துகிட்டே வரும். லீவர் பக்கத்தில் ஒரே ஒரு இழை பிரிஞ்சிருந்தாலும் கேபிளை மாத்திடுங்க. முழுசா அறுந்து போவது பெரும்பாலும் நீங்க அழுத்திப் பிரேக் பிடிக்கும்போதுதான்.

டேங்க்... கண்ணுக்குத் தெரியாத எதிரி

பாதி காலியான டேங்க்கில் மீதி இடத்தை ஈரக்காற்று நிரப்பும். இரவு குளிரில் அது நீர்த்துளியாகி டேங்க்கின் அடியில் இறங்கும். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்திருக்கு. எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது. தண்ணீர் அளவுக்கு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிஞ்சு அடியில் தங்கிடும். பழைய வண்டியின் இரும்பு டேங்க்குக்கு இது நல்லதில்லை. பழைய ரப்பர் டியூப்களுக்கும் ஆகாது.

ஒன்றிரண்டு வாரம் வண்டியை எடுக்க மாட்டீங்கன்னா டேங்க்கை நிரப்பி வைங்க. மாதக்கணக்கில் நிறுத்தப் போறீங்கன்னா பெட்ரோலை முழுசா இறக்கிட்டு, கார்புரேட்டரையும் காலி பண்ணிட்டு, டேங்க்குக்குள்ளே கொஞ்சம் ஆயில் ஊற்றி எல்லாப் பக்கமும் படுற மாதிரி சுழற்றி வைங்க.

ஏற்கெனவே உள்ளே துரு இருந்தால், டேங்க்கைக் கழற்றி பெட்ரோல் வாசனை போகும் வரை கழுவுங்க. கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து டேங்க் நிறைய ஊற்றி ஓர் இரவு விடுங்க. அடுத்த நாள் கொட்டிவிட்டு, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அலசுங்க. உடனே காய வைத்து, ஆயில் சுழற்றிடுங்க. ஈரமாக விட்டால் சில மணி நேரத்திலேயே மறுபடி செம்மண் நிறம் வந்துடும். இந்த வேலையைத் திறந்த வெளியில், நெருப்பு பக்கத்தில் இல்லாமல் செய்யணும். டேங்க்கில் ஓட்டை இருந்தால் நீங்களே வெல்டிங் வைக்கப் பார்க்காதீங்க. காலி டேங்க்கில் மிஞ்சியிருக்கும் ஆவி வெடிக்கும்.

துரு வந்துடுச்சு... இனி என்ன?

மேலோட்டமான துரு என்றால் வீட்டிலேயே சரிபண்ணலாம். உப்புத்தாளால் தேய்த்து, பளபளக்கும் இரும்பு தெரியும் வரை எடுங்க. முழுசா எடுக்க முடியாத மூலைகளில் பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவலாம். அது துருவை இரும்பு பாஸ்பேட் என்ற கெட்டியான படலமாக மாற்றிவிடும். அதன் மேல் ரெட் ஆக்ஸைடு பிரைமர், பிறகு பெயின்ட். துருவை எடுக்காமல் நேரடியாகப் பெயின்ட் அடிப்பது, புண்ணுக்கு மேலே பவுடர் போடுற மாதிரி. அடுத்த மழைக்குள் கொப்புளம் வந்துடும்.

ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்தும்போது தகடு உள்ளே போனால் அது உங்க வேலை இல்லை. அழுகிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யணும். பட்டி போட்டு மூடித் தர்றேன்னு யாராவது சொன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. பட்டிக்கு எடையைத் தாங்கும் பலம் கிடையாது.

பணம் செலவாகாத பழக்கங்கள்

கடலோரத்தில் இருந்தால் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுங்க. உப்புத் தண்ணீர் வரும் போர்வெல் என்றால், கடைசியாக ஒரு பக்கெட் நல்ல தண்ணீர் ஊற்றி, துணியால் துடைச்சிடுங்க. பிறகு பத்து நிமிஷம் ஓட்டினால் இடுக்கில் இருக்கும் ஈரமும் காயும். பால் பாக்கெட் வாங்க மட்டுமே வண்டியை எடுப்பவர்களுக்கு சைலன்சர் சீக்கிரம் ஓட்டையாகும். பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவி, சூடேறாத சைலன்சருக்குள்ளேயே தண்ணீராகத் தங்கிடும். வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓட்டுங்க.

பிளாஸ்டிக் கவர் மழையைத் தடுக்கும். கூடவே உள்ளே இருக்கும் ஈரத்தையும் அடைச்சு வைக்கும். காற்று போகும் துணிக் கவர் நல்லது. மண் தரையிலோ புல் மேலேயோ நிறுத்தாதீங்க. போல்ட், ஸ்டாண்டு மூட்டுகளில் கிரீஸ். பேட்டரி முனைகளில் பெட்ரோலியம் ஜெல்லி. குரோம் பாகங்களில் மெழுகு பாலிஷ். டபிள்யூடி-40 அடிச்சா போதும்னு நினைக்காதீங்க. அதன் பெயரே தண்ணீரை விரட்டுவது என்ற பொருளில் வந்ததுதான். இறுகிய போல்ட்டைக் கழற்ற அருமையானது. ஆனால், செயினுக்கு ஆயிலோ லூப்போ தனியாகப் போடணும்.

பழைய இன்ஜின் ஆயிலை அடிப்பக்கம் தடவும் வழக்கம் இன்னும் இருக்கு. அது ரப்பர் புஷ்களைக் கெடுக்கும், பிரேக்கில் பட்டால் ஆபத்து, மண்ணையும் நாசமாக்கும். விட்டுடுங்க.

ஆர்.சி-யும் முக்கியம் பாஸ்!

சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருஷத்துக்குத்தான். அதன்பிறகு ஆர்.டி.ஓ ஆய்வு முடிந்தால் 5 வருஷம் நீட்டிப்பு கிடைக்கும். அந்த ஆய்வில் சேஸிஸ் எண்ணைப் பார்ப்பாங்க. எண் இருக்கும் இடம் துருப்பிடிச்சு அழிஞ்சு போச்சுன்னா, நல்லா ஓடுற வண்டிக்கும் சிக்கல்தான். அதனால் இன்றைக்கே அந்த எண்ணைத் தேடிக் கண்டுபிடிச்சு, மென்மையான துணியால் துடைச்சு, மெல்லிசா கிரீஸ் தடவுங்க. அங்கே மட்டும் உப்புத்தாளைக் கொண்டு போகாதீங்க.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் ஆரம்பிக்கும். அதற்கு முன்னாடி ஒரு ஞாயிறு, மழை முடிந்து ஜனவரியில் ஒரு ஞாயிறு. வருஷத்துக்கு இந்த இரண்டு நாளை ஒதுக்கினால் போதும், தாத்தாவின் வண்டி உங்க பிள்ளைகள் காலத்திலும் ஓடும்.