எல்லைக் கிராமத்தில் ஒரு வீடும் கிணறும்
வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

(நமது நெய்யாற்றின்கரை நிருபர்)

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் முப்பது ஆண்டுகளாகக் கணக்கெழுதும் அண்ணாச்சி ஒருவரை எனக்குத் தெரியும். சொந்த ஊர் விளவங்கோடு தாலுகா. இரண்டறை வாடகை வீட்டில் மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர். சென்ற ஆண்டு நகரத்தில் அடுக்குமாடி வீடு ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து சலித்துக்கொண்டார்.

"வீட்டுக்கு விலை குடுத்த பொறவும் மாசாமாசம் சங்கத்துக்குப் பணம் கெட்டணுமாம், தம்பி. துணி எங்க காயப்போடணும்னு சங்கம்தான் சொல்லுமாம். கோழி வளக்கப்பிடாதாம். எனக்கு ஒரு கிணறு, நாலு தென்னை, அது போதும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் பாசஞ்சர் வண்டியில் பாறசாலையில் போய் இறங்கினோம்.

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் நம்மவர்கள் வீடு தேடுவதில் வியப்பில்லை. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழகத்துடன் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு விழுந்தாலும் உறவும் சந்தையும் அறுபடவில்லை. 1979-ல் திருவனந்தபுரம்–கன்னியாகுமரி ரயில் பாதை வந்த பிறகு, பாறசாலை, தனுவச்சபுரம், அமரவிளையிலிருந்து தினமும் நகரத்து வேலைக்குப் போய்வருவது எளிதாயிற்று.

நாங்கள் பார்த்தது நாற்பது சென்ட். ஓட்டு வீடு, கிணறு, தென்னை, பலா, சரிவில் மரச்சீனி. விலையும் கைக்கு எட்டியது. தரகர், "இன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்தால் முடித்துவிடலாம்" என்றார். அண்ணாச்சியின் கை மடியில் இருந்த பணப்பைக்குப் போயிற்று. "முதலில் கரம் அடைத்த ரசீதைப் பார்ப்போம், அண்ணாச்சி" என்றேன்.

நிலமா, புரையிடமா?

ரசீதில் பாதி 'புரையிடம்', மீதி 'நிலம்' என்றிருந்தது. கேரளத்து வருவாய்க் கணக்கில் 'நிலம்' என்றால் நெல்வயல். மரச்சீனி நட்டுக் கரையாகத் தோன்றினாலும் கணக்கு மாறாது. 2008-ஆம் ஆண்டு நெல்வயல், நீர்நிலைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வயல்களுக்கு 'டேட்டா பாங்க்' என்ற பதிவேடு உண்டு. மறுநாள் கிருஷி பவனில் விசாரித்தோம். அந்தப் பாதி அதில் இருந்தது. இளைய மகனுக்கு வீடு கட்ட அண்ணாச்சி மனத்தில் குறித்து வைத்திருந்த இடம் அதுதான்!

வழி யாருடையது?

சாலையிலிருந்து வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்தின் வழியே நடந்தோம். ஆதாரத்தில் அந்த வழியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. "எல்லாரும் நடக்கிற வழிதானே, அவர் நல்லவர்" என்றார் தரகர். நல்லவர்தான். நாளை அவர் மகன் சுவர் எழுப்பினால்?

சங்கம் இல்லாத இடத்தில் தொல்லையும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. வழி, எல்லைக்கல், மழைநீர் ஓடும் சால், கிணறு ஆகியவற்றைச் சங்கம் பார்த்துக்கொள்ளாது. ஆதாரம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வழி எத்தனை அடி அகலம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அதில் எழுதியிருக்க வேண்டும்.

சகோதரிகளின் கையெழுத்து

விற்க வந்தவர்கள் மூன்று அண்ணன் தம்பிகள். இரண்டு சகோதரிகள் வெளியூரில் இருந்தார்கள். பழைய திருவிதாங்கூர்க் கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்தில் மகளுக்கு மகனின் பங்கில் நாலிலொன்று அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அதுதான். 1986-ல் மேரி ராய் வழக்கில் சுப்ரீம் கோர்ட், அந்தச் சட்டம் 1951-லேயே செல்லாததாகிவிட்டது என்று தீர்ப்பளித்தது. மகளுக்கும் சம பங்கு. ஆகவே எந்தக் குடும்பத்துச் சொத்தானாலும், 'பெண்களுக்குக் கொடுத்தாயிற்று' என்ற வாய்ப்பேச்சை நம்பாமல் அவர்கள் கையெழுத்தைக் கேட்பது நல்லது.

பெயர்கள் வேறு, வேலை ஒன்று

தமிழ்நாட்டில் தாய்ப்பத்திரம் என்பது இங்கே முன்னாதாரம். பட்டா மாறுதலுக்கு இணையானது 'போக்குவரவு'. அது முடிந்த பிறகே வில்லேஜ் ஆபீசில் உங்கள் பெயரில் தண்டப்பேர் எண்ணும் கர ரசீதும் கிடைக்கும். முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றையும் வாங்குங்கள். ஆதாரத்தில் அளவு 'ஆர்' கணக்கில் வரும். ஒரு ஆர் என்பது சுமார் 2.47 சென்ட். முத்திரைக் கட்டணம் 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பத்து லட்சத்துக்கு ஒரு லட்சம் தனியாக எடுத்துவைக்க வேண்டும்.

கிணற்றைச் சித்திரை மாதத்தில் எட்டிப் பாருங்கள்; ஆடி மழையில் எல்லாக் கிணறும் நிறைந்துதான் இருக்கும். கழிவுத் தொட்டி கிணற்றுக்கு ஏழரை மீட்டருக்குள் இருக்கக் கூடாது. ரயில்வேக்காரன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் கட்டுவதானால் ரயில்வேயின் சம்மதம் வேண்டும். பாதையோரத்து மனை மலிவாகக் கிடைத்தால், ஏன் மலிவு என்று கேளுங்கள்.

பேசத் தெரிந்தால் போதுமா?

அன்று அண்ணாச்சி அட்வான்ஸ் கொடுக்கவில்லை. திரும்பும் வண்டியில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நாற்பது சென்டை மனத்திலிருந்து இறக்கிவைக்க அவருக்குச் சில வாரங்கள் ஆயின.

பின்னர் தனுவச்சபுரத்துக்குப் பக்கத்தில் பதினைந்து சென்ட் புரையிடமும் சிறு வீடும் அமைந்தன. ஆதாரம் மலையாளத்தில். நம்மில் பலரையும் போல அண்ணாச்சி மலையாளம் சரளமாகப் பேசுவார். எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. இத்தனை ஆண்டுகளில் பிறர் சொன்னதை நம்பியே எத்தனையோ தாள்களில் ஒப்பிட்டவர். இந்த முறை, பள்ளியில் மலையாளம் படித்த மகளைக் கூட்டிக்கொண்டு போனார். சர்வே எண், நாலெல்லை, வழியின் அகலம், கிணற்றுரிமை என்று வரிவரியாக அவள் வாசித்தாள். ஓரிடத்தில் வடக்கெல்லை தவறாக இருந்தது. அதைத் திருத்திய பிறகே அப்பா கையெழுத்துப் போட்டார்.

இப்போதும் அவர் காலை வண்டியில்தான் சாலைக்கு வேலைக்கு வருகிறார். சென்ற வாரம் ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார். ஆறு நாட்டுக்கோழி முட்டைகள்.

"யார்கிட்டயும் கேக்கல, தம்பி" என்று சிரித்தார்.