ரோமாபுரி காசு வாங்குவோர் உஷார்!

கரூர் அமராவதி ஆற்று மணலில் ரோமாபுரி வெள்ளிக் காசுகள் கிடைத்தது நிஜம். அந்தப் பெயரைச் சொல்லியே, "நேத்துதான் மணல்ல எடுத்தது சார்!" என்று போலியைத் தலையில் கட்டும் ஆசாமிகள் உண்டு.

அதே காசில் இன்னொன்று கேளுங்கள். அசல் காசு ஒவ்வொன்றாகச் சம்மட்டியால் அடித்தது. ஒன்றைப் போல் மற்றொன்று அச்சாக இராது. இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே கீறலா? வார்ப்புச் சரக்கு! விளிம்பில் ஒட்டுக் கோடு தெரிந்தாலும் சந்தேகம்தான்.

நாணயமான வியாபாரி எடை போட்டுக் காட்டுவார், பில் எழுதுவார், போலி என்றால் பணத்தைத் திருப்புவார். 1972-ம் வருஷச் சட்டப்படி பழம்பொருள் விற்க லைசென்சும் வேண்டும். கேட்டதும் மழுப்பினால் நடையைக் கட்டுங்கள்.

காசு அசலாக இருந்தாலும் வில்லங்கம் உண்டு. மண்ணில் கிடைத்த புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ம் வருஷச் சட்டம். "நேத்து எடுத்தது" என்பது நிஜமானால், வாங்கியவரும் போலீஸ் ஸ்டேஷன் படியேற நேரலாம்!